விமானம் தாமதம், அதுவரை ஒரு விளையாட்டு: கேள்வி பதில்

சென்னை மீனம்பாக்கத்தில் ஒரு தனியார் விமான நிறுவனத்தின் தரைப் பணியில் 21 ஆண்டுகள் இருந்தேன். அதில் பாதிக்கு மேல் போர்டிங் கேட்டில், அதாவது பயணிகள் விமானம் ஏறக் காத்திருக்கும் வாயிலில் கழிந்தது. விமானம் தாமதமாகும்போது ஊழியர்கள் பயணிகளுக்கு விளையாட்டு நடத்துவது பற்றிக் கேள்விகளை அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி கேள்வி, பாதி திட்டு. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

மேடம், அமெரிக்காவில் விமானம் தாமதமானால் கேட் ஊழியர்கள் போட்டி வைத்துப் பரிசு கொடுக்கும் காணொளிகளைப் பார்க்கிறேன். நிறுவனமே உத்தரவு போட்டு நடத்துகிறதா?
*மென்பொருள் பொறியாளர், கோவை*

நீங்கள் பார்த்தவை பெரும்பாலும் சவுத்வெஸ்ட் நிறுவனத்துக் காணொளிகளாக இருக்கும். 1971 ஜூன் 18ஆம் தேதி டல்லஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ என்று டெக்சஸின் மூன்று ஊர்களுக்குள் பறக்கத் தொடங்கிய நிறுவனம் அது. நிறுவனர்களில் ஒருவரான ஹெர்ப் கெல்லெஹர் பெரிய வேடிக்கைக்காரர். வேலைக்கு ஆள் எடுக்கும்போதே சுபாவத்தைப் பார், வேலையைப் பிறகு கற்றுக்கொடுக்கலாம் என்பது அவர்கள் வழக்கம். பேச்சும் சிரிப்பும் இயல்பாக வருகிறவர்களையே சேர்த்துக்கொண்டதால், தாமதத்தின்போது அவர்கள் மைக்கைப் பிடிக்கத் தனி உத்தரவு தேவைப்படவில்லை.

2018இல் ஓர்லாண்டோவிலிருந்து வாஷிங்டன் போகவேண்டிய ஒரு விமானம் தாமதமானபோது, கேட் ஊழியர் ஒருவர் காகித விமானப் போட்டி வைத்தார். அடுத்து, யாருடைய ஓட்டுநர் உரிமத்தில் முகம் மிகக் கேவலமாக இருக்கிறது என்று ஒரு போட்டி. அந்த உரிமப் போட்டியை நான் மிகவும் ரசித்தேன். எல்லோருடைய பையிலும் ஏற்கெனவே இருக்கும் பொருள் அது. ஓடவோ குதிக்கவோ பாடவோ தேவையில்லை. கலந்துகொள்கிறவர் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார், யாரும் அடுத்தவரைக் கிண்டல் செய்வதில்லை. எல்லாவற்றையும் விட முக்கியம், யாரும் கேட்டை விட்டு நகர்வதில்லை. திடீரென்று விமானம் தயாரானால் ஆள் தேட வேண்டாம். விளையாட்டில் இது எங்கள் பக்கத்துச் சுயநலம்.

நம் ஊரில் ஏன் இப்படி யாரும் செய்வதில்லை? நீங்கள் செய்திருக்கிறீர்களா, அக்கா?
*கல்லூரி மாணவி, நாகர்கோவில்*

மூன்று தடைகள் உண்டு, தங்கையே. மும்பை, சென்னை போன்ற விமான நிலையங்கள் 'அமைதி நிலையம்' என்ற முறைக்கு மாறியதும் பொது அறிவிப்புகள் குறைந்தன. கேட்டில் சத்தமாகப் பேசவே ஊழியர்கள் யோசிக்கிறார்கள். 180 பேருக்கு இரண்டு பேர் நிற்கும் கேட்டில், மாற்று டிக்கெட் போடுவதற்கே கை போதாது. மூன்றாவது தடைதான் பெரியது: ஒரு காபி வவுச்சர் கொடுக்கக்கூட மேலதிகாரியிடம் கேட்க வேண்டும். பரிசு கொடுக்க அதிகாரம் இல்லாதவர் என்ன போட்டி வைப்பார்?

இருந்தாலும் ஒருமுறை செய்தேன். சென்னையில் போகி அதிகாலையில் ஊரே பழையதைக் கொளுத்தும். அந்தப் புகை மார்கழிப் பனியோடு சேர்ந்துகொண்டால் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாது. 2018 போகியன்று பல விமானங்கள் திருப்பிவிடப்பட்டன. எங்கள் மதுரை விமானத்துக்குக் காத்திருந்தவர்கள் எழுபது பேர், எல்லோரும் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள். மைக் கிடையாது, என் தொண்டைதான். "வெளியே பழையதை எல்லாம் எரித்து நம்மை இங்கே உட்கார வைத்துவிட்டார்கள். எரிக்காமல் தப்பிய மிகப் பழைய பொருள் யார் பையில் இருக்கிறது?" என்று கேட்டேன்.

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு ஒரு பெரியவர் 1974இல் வாங்கிய ஓட்டுநர் உரிமத்தை நீட்டினார். காகிதம் மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது. ஒருவர் தன் அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காட்டினார். கடைசியில் மூலையில் இருந்த பாட்டி ஒருவர் சுருக்குப் பையிலிருந்து பித்தளைச் சுண்ணாம்புக் கரண்டகத்தை எடுத்தார். அவருடைய மாமியாருடைய மாமியார் வைத்திருந்ததாம். "பாக்குவெட்டி இன்னும் பழசு. அதைச் சோதனையில் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள்" என்று அவர் முறையிட்டபோது கேட்டே சிரித்தது. கையில் இருந்த ஒரே அதிகாரத்தை வைத்து அவருக்கு ஜன்னல் இருக்கை மாற்றிக் கொடுத்தேன்.

தாமதமானால் எங்களுக்கு வயிறு எரிகிறது. அந்த நேரத்தில் ஆட்டம் பாட்டம் என்றால் அது எங்களைக் கேலி செய்வதாகாதா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்*

ஐயா, ஆகும். நான் நேரில் கண்டேன்.

ஓர் இரவு விமானம் நான்கு மணி நேரம் தாமதம். எங்களோடு இருந்த இளைஞர் நல்ல மனதோடுதான் அந்தாக்ஷரி தொடங்கினார். இரண்டு பாட்டு முடிந்திருக்கும், நடுத்தர வயதுக்காரர் ஒருவர் கவுன்டருக்கு வந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "காலை பத்து மணிக்கு எங்கள் அப்பாவை எடுக்கிறார்கள். நான் போய்ச் சேருவேனா என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார். பாடிக்கொண்டிருந்தவர்கள் தாமாகவே நிறுத்திவிட்டார்கள். வேறு நிறுவனத்தின் அதிகாலை விமானத்தில் அவருக்கு இடம் பிடித்தோம். அதை ஒரு மணி நேரம் முன்பே செய்திருக்கலாம், யாரும் அவரைக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். வாயைத் திறப்பதற்கு முன் கேட்டை ஒரு சுற்று நடந்து வருவது. யார் அழுகிறார், யார் மருந்துப் பையைத் துழாவுகிறார், யாருக்கு அடுத்த விமானம் தவறப்போகிறது என்று பார்ப்பது. முதலில் உண்மையான காரணம், பிறகு தண்ணீர், சாப்பாடு. அவசரக்காரர்களுக்கு மாற்று வழி தேடிய பின்னும் நேரம் மிச்சமிருந்தால்தான் விளையாட்டு. டேவிட் மைஸ்டர் என்பவர் 1985இல் காத்திருப்பின் உளவியல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சும்மா இருக்கும் நேரம் நீளமாகத் தெரியும் என்றார். காரணம் சொல்லப்படாத காத்திருப்பும் நீளமாகத் தெரியும் என்றும் அதே கட்டுரையில் சொன்னார். நிறுவனங்கள் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை வசதியாக மறந்துவிடுகின்றன.

"இன்னும் அரை மணி நேரம்" என்று ஆறு முறை சொல்கிறீர்களே, ஒரேயடியாக மூன்று மணி நேரம் என்று சொன்னால் என்ன?
*வியாபாரி, சிவகாசி*

கேட் ஊழியரின் திரையில் வருவது இயக்கக் கட்டுப்பாட்டு அறை போடும் நேரம். அதற்கு மேல் எங்களுக்கும் தெரியாது. ஒரே விமானம் ஒரு நாளில் ஐந்தாறு முறை பறக்கிறது. டெல்லியில் காலையில் பனி மூடினால் மாலையில் சென்னையில் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள், வெளியே வெயில் அடிக்கும். டெல்லியில் தகுந்த கருவியும் பயிற்சி பெற்ற விமானியும் இருந்தால் 50 மீட்டர் பார்வைத் தெளிவிலும் இறங்கலாம். ஆனால் கிளம்ப 125 மீட்டர் வேண்டும். இறங்கிய விமானம் எழ முடியாமல் நிற்கும். அதற்குள் விமானியின் பணி நேர வரம்பு முடிந்தால் வேறு விமானி வர வேண்டும்.

மூன்று மணி நேரம் என்று சொல்லிவிட்டால் பயணிகள் கலைந்துவிடுவார்கள். நாற்பதாவது நிமிடத்தில் பனி விலகிப் புறப்பட அனுமதி வந்தால் பாதிப் பேர் தோசைக் கடையில் இருப்பார்கள். இந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அதையே காரணமாக வைத்து ஆறு முறை அரை மணி நேரம் சொல்வது சோம்பேறித்தனம். "எங்களுக்கும் தெரியவில்லை, நான்கு மணிக்கு மறுபடி வந்து சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, புதுச் செய்தி இல்லாவிட்டாலும் நான்கு மணிக்கு வந்து நின்றால் போதும். வசவு பாதியாகக் குறையும். பார்த்திருக்கிறேன்.

கதவை மூடிய பிறகு உள்ளேயே காத்திருக்க நேர்ந்தால்?
*செவிலியர், திருச்சி*

அங்கே எங்கள் ராஜ்ஜியம் முடிந்து விமானியின் ராஜ்ஜியம் தொடங்கிவிடும். நடைவழியில் ஆளை நிறுத்தி விளையாட்டு நடத்த முடியாது. விமானியின் குரல்தான் மருந்து. சென்னையிலிருந்து பறக்கும் சில விமானிகள் இப்போது தமிழிலேயே பேசுகிறார்கள். கீழே தெரியும் காவிரியையும் கொள்ளிடத்தையும் காட்டிப் பேசியவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர் தாமதத்தையும் தமிழில் விளக்கினால் பயணிகள் காது கொடுக்கிறார்கள்.

2014இல் வாஷிங்டனிலிருந்து டென்வர் போன ஃபிரான்டியர் நிறுவன விமானம் புயலால் வயோமிங் மாநிலத்தின் ஷையன் நகரில் இறங்கிக் காத்திருந்தது. பயணிகள் பசியோடு இருப்பார்கள் என்று விமானியே பீட்சா வரவழைத்தார். 2013இல் பெய்ஜிங்கில் மூன்று மணி நேரம் நகராமல் நின்ற விமானத்தில் ஃபிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ரா கலைஞர்கள் நால்வர் வயலினையும் செல்லோவையும் எடுத்து வாசித்தார்கள். அவர்கள் பயணிகள்தான், ஊழியர்கள் இல்லை. ஊழியர்கள் செய்த உதவி, தடுக்காமல் இருந்தது. அதுவும் ஒரு கலைதான்.

ஆனால் மணிக்கணக்கில் உள்ளே அடைத்து வைத்தால் எந்த இசையும் உதவாது. 2007 பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கில் பனிமழையில் ஜெட்புளூ விமானங்களில் பயணிகள் பல மணி நேரம் சிக்கினார்கள். அந்த ஆத்திரம் அடங்கவே இல்லை. 2010இல் அமெரிக்க அரசு உள்நாட்டு விமானங்களுக்கு 3 மணி நேரம் என்று உச்சவரம்பு வைத்தது. 2 மணி நேரத்துக்குள் உணவும் தண்ணீரும் தர வேண்டும். இந்தியாவில் விமானத்தில் ஏறியபின் நீண்ட தாமதமானால் பயணிகளை இறக்கி வெளியே அனுப்ப 2024 மார்ச்சில்தான் வழிகாட்டுதல் வந்தது.

கைக்குழந்தையும் ஐந்து வயதுப் பையனும். மூன்று மணி நேரம். என்ன செய்வது?
*இல்லத்தரசி, கரூர்*

கவுன்டரில் 'உடையும் பொருள்' என்ற ஒட்டுவில்லைகள் இருக்கும், இரண்டு கேளுங்கள். பையன் தன் மேலும் தம்பி மேலும் ஒட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டுவான். நிறுவனத்தின் கணக்கில் இது வராது.

நாய்களைக் கொண்டுவந்து பயணிகளைத் தேற்றுகிறார்களாமே, உண்மையா?
*கால்நடை மருத்துவர், நாமக்கல்*

உண்மை. சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் 2013 முதல் பயிற்சி பெற்ற நாய்கள் உலவுகின்றன. 2016இல் ஒரு பன்றியும் சேர்ந்தது. பொம்மைப் பியானோ வாசித்தது. நம் ஊரில் நாயைக் கண்டால் காலைத் தூக்கி நாற்காலியில் வைக்கிறவர்கள் பாதிப் பேர். நமக்கு ஒரு நாதஸ்வரக்காரர் போதும்.

விளையாட்டு நடத்திவிட்டு உரிய சலுகையை மறைத்துவிடுவார்களோ?
*வழக்கறிஞர், மதுரை*

இந்தச் சந்தேகம் எனக்குப் பிடித்திருக்கிறது. இந்தியாவில் இரண்டரை மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 2 மணி நேரத் தாமதம், ஐந்து மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 3 மணி நேரத் தாமதம், அதற்கு மேற்பட்டதற்கு 4 மணி நேரத் தாமதம் என்றால் சாப்பாடோ சிற்றுண்டியோ தர வேண்டும். உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். தாமதத்துக்கென்று பண இழப்பீடு இங்கே கிடையாது. ஐரோப்பாவில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை உண்டு. மோசமான வானிலை போன்ற காரணங்களுக்குக் கிடையாது. கைதட்டுங்கள், கைதட்டிக்கொண்டே சாப்பாட்டுக் கூப்பனையும் கேளுங்கள்.

2024 ஜனவரியில் டெல்லியில் விமானியை ஒரு பயணி அடித்தாரே. சிரிக்க வைத்திருந்தால் அது நடந்திருக்காதோ?
*வங்கி ஊழியர், வேலூர்*

நடந்திருக்கும். பனியால் மணிக்கணக்கில் காத்திருந்தவர்கள் முன்னால், தாமத அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தவரை அடித்தார். அடித்தது குற்றம், அதில் இரண்டு பேச்சில்லை. அதே நாட்களில் கோவாவிலிருந்து டெல்லி போகவேண்டிய விமானம் மும்பைக்குத் திருப்பிவிடப்பட்டு, பயணிகள் விமானம் நிற்கும் தளத்திலேயே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். விமான நிறுவனத்துக்கு 1.20 கோடி ரூபாய் அபராதம் விழுந்தது. அவர்களுக்குத் தேவைப்பட்டது கூரையும் நாற்காலியும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். 2025 நவராத்திரியில் கோவாவில் சூரத் விமானம் தாமதமானது. ஊரில் கர்பா என்ற நவராத்திரி நடனம் தவறிப்போகிறதே என்று பயணிகள் புலம்ப, விமான நிலையத்திலேயே பாட்டுப் போட்டு ஆடினார்கள், ஊழியர்களும் சேர்ந்துகொண்டார்கள். அது எடுபட்டதற்குக் காரணம், ஆசை பயணிகளிடமிருந்து வந்தது. ஊழியர் தன் ஆசைக்கு ஆட வைத்தால் அந்தாக்ஷரி கதைதான்.

அக்கா, மறுபடியும் நான்தான். அந்த மதுரை விமானம் கிளம்பியதா?
*அதே மாணவி, நாகர்கோவில்*

பத்தே முக்காலுக்குக் கிளம்பியது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்த பாட்டி பெல்ட் போட்டதும் தூங்கியவர், மதுரையில்தான் கண் விழித்தாராம். பாக்குவெட்டியை அவருடைய பேரன் பொங்கல் கழித்து வந்து வாங்கிக்கொண்டு போனான்.