வெளிமாநில டேக் விலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்க மேற்கு மாநிலங்களில் வேட்டை டேக்குக்கான, அதாவது ஒரு குறிப்பிட்ட விலங்கை வேட்டையாடும் அனுமதிச் சீட்டுக்கான, குலுக்கல் விண்ணப்பங்கள் தொடங்கிவிட்டன. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விலையைப் பற்றியவை. வழக்கமாகச் சொல்வதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கட்டும் ஒவ்வொரு டாலரும் திரும்ப வருமா, வராதா என்று பார்த்துவிட்டுக் கடன் அட்டையை எடுங்கள்.

கே: வயோமிங்கில் உள்ளூர்க்காரருக்கு எல்க் (பெரிய மான் வகை) டேக் 57 டாலர், எனக்கு 700. வேட்டையாடுவதோ மத்திய அரசு நிலத்தில். நானும் வரி கட்டுகிறேனே, இது செல்லுமா? — டல்லாஸ் வாசகர்

செல்லும். நிலம் மத்திய அரசுடையது, ஆனால் அதில் மேயும் எல்க் மாநிலத்தின் பொறுப்பு. 1978-ல் பால்ட்வின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை முடித்துவைத்தது. மொன்டானாவில் அன்று உள்ளூர்க்காரர் எல்க் மட்டும் வேட்டையாட 9 டாலர் கட்டினார். வெளியார் 225 டாலர் கொடுத்து மற்ற விலங்குகளும் சேர்ந்த மொத்த உரிமத்தை வாங்க வேண்டியிருந்தது. எல்க் வேட்டை பொழுதுபோக்கு, பிழைப்பு அல்ல, அதனால் விலை வேறுபாட்டை அரசியல் சட்டம் தடுக்காது என்பது தீர்ப்பு. அதற்குப் பிறகும், வெளியாருக்கு 10 சதவீத டேக்குகள் மட்டும் என்ற அரிசோனாவின் வரம்பை எதிர்த்து வழக்கு நடந்தது. 2005-ல் நாடாளுமன்றமே சட்டம் போட்டு மாநிலங்களின் உரிமையை உறுதிசெய்துவிட்டது. வழக்கறிஞருக்குக் கொடுக்க நினைத்த பணத்தை டேக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கே: நான் கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். டென்வரில் மைத்துனர் வீடு இருக்கிறது. அந்த முகவரியைப் போட்டு உள்ளூர் டேக் வாங்கலாமா?

கூடாது. இதே கேள்விக்குப் பலமுறை பதில் சொல்லியாயிற்று. இது குற்றம். பிடிபட்டால் அபராதத்தோடு உரிமமும் போகும். மாநிலங்களுக்கிடையே வனவிலங்கு மீறல் ஒப்பந்தம் இருப்பதால் ஒரு மாநிலத்தில் பறிபோன உரிமம் கிட்டத்தட்ட எல்லா மாநிலங்களிலும் பறிபோனதற்குச் சமம். மைத்துனரையும் இதில் இழுத்துவிடாதீர்கள்.

கே: ஐடஹோவில் டிசம்பர் முதல் தேதி வரிசையில் நின்று வாங்கும் டேக் இந்த ஆண்டும் உண்டா?

வெளிமாநிலத்தாருக்கு அந்த வரிசை முடிந்துவிட்டது. 2026 சீசனிலிருந்து மான், எல்க் இரண்டுக்குமான பொது டேக்குகளும் குலுக்கலில்தான். எல்க் டேக்கின் விலை முன்பே 415-லிருந்து 650-க்கு ஏறியிருந்தது.

கே: வயோமிங் எல்க் 700 டாலர் என்று எழுதினீர்கள். என் நண்பர் கிட்டத்தட்ட 2,000 கட்டியிருக்கிறார். அவரை யாராவது ஏமாற்றிவிட்டார்களா? — ஹூஸ்டன் வாசகர்

ஏமாற்றவில்லை. சட்டமே அப்படி இருக்கிறது. வெளிமாநிலத்தாருக்கு வயோமிங்கில் ரெகுலர், ஸ்பெஷல் என்று இரண்டு குலுக்கல்கள். டேக்குகளில் 60 சதவீதம் ரெகுலருக்கு, 40 சதவீதம் ஸ்பெஷலுக்கு. இரண்டிலும் கிடைப்பது அதே யூனிட் (வேட்டைப் பகுதி), அதே தேதி, அதே எல்க். கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது ஒன்றுதான்: உங்களோடு போட்டியிடும் கூட்டம் குறைவு.

2023 வரை ஸ்பெஷல் எல்க் சுமார் 1,270 டாலர். 2024-ல் 1,950 ஆனது. மான் 660-லிருந்து 1,200-க்கும், ப்ராங்ஹார்ன் என்ற மான் போன்ற விலங்கு 615-லிருந்து 1,200-க்கும் ஏறின. ரெகுலர் விலை மட்டும் மாறவில்லை. ஸ்பெஷலில் கூட்டம் பெருகிவிட்டது, விலையை ஏற்றினால் குறையும் என்பது மாநிலத்தின் கணக்கு.

விலை ஏறுவதை நான் எதிர்ப்பவன் அல்ல. வனவிலங்குத் துறையின் உரிம வருமானத்தில் பெரும்பகுதி வெளிமாநிலத்தாரிடமிருந்து வருகிறது. காவலர் சம்பளத்துக்கும் விலங்குக் கணக்கெடுப்புக்கும் அந்தப் பணம் வேண்டும். ரெகுலர் டேக்கை 700-லிருந்து 900 ஆக்கினாலும் கட்டிவிட்டுப் போவேன். ஒரே குலுக்கலைப் பணத்தை வைத்து இரண்டாகப் பிளப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கால ஐரோப்பாவில் மான் அரசனுக்கும் பிரபுவுக்கும் சொந்தமாக இருந்தது. அது வேண்டாம், காட்டு விலங்கு எல்லோருக்கும் பொது என்று சொல்லித்தான் இந்த நாட்டில் வேட்டை வளர்ந்தது. லாரி ஓட்டுபவரும் மருத்துவரும் ஒரே பெட்டியில் சீட்டுப் போட்டார்கள். இன்று மருத்துவருக்குத் தனிப் பெட்டி.

நம்மிடம் கேட்காமலே இதைச் செய்ய முடிவதற்குக் காரணம், கட்டுகிறவருக்கு அங்கே ஓட்டு இல்லை. மொன்டானாவில் 2010-ல் வாக்கெடுப்பு வைத்தே வெளியார் உரிமத்தை 628-லிருந்து 897 ஆக்கினார்கள். தான் கட்டப்போகாத கட்டணத்துக்கு ஆம் என்று ஓட்டுப் போடுவது யாருக்கும் எளிது.

உங்கள் நண்பருக்கு ஒரு யோசனை: விண்ணப்பிக்கும் முன் அந்த யூனிட்டுக்கு இரண்டு குலுக்கலின் கடந்த ஆண்டு முடிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில இடங்களில் வித்தியாசம் அற்பம். டேக்கில் முக்கால் பங்கு பாயின்ட் (முந்தைய ஆண்டுகளில் சேர்த்த முன்னுரிமைப் புள்ளி) வரிசைப்படியும் கால் பங்கு வெறும் அதிர்ஷ்டத்திலும் போகிறது என்பதையும் மறக்க வேண்டாம். இன்னொன்று, பிப்ரவரி தொடக்கத்தில் முழுத் தொகையையும் எடுத்துக்கொண்டு மே மாதம்தான் முடிவு சொல்வார்கள். அந்த 2,000 டாலர் வட்டிக் கடனாக இருக்கக் கூடாது.

கே: எச்1பி விசாவில் இருக்கிறேன். டேக் பிறகு பார்க்கலாம் என்று துப்பாக்கியை முதலில் வாங்கலாமா?

வேண்டவே வேண்டாம். குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பவருக்கு விதிவிலக்கு உண்டு. டேக் தேவையில்லை, ஏதாவது ஒரு மாநிலத்தின் சாதாரண வேட்டை உரிமம் போதும். ஆனால் அது காலாவதியான மறுநாள் வீட்டில் துப்பாக்கி இருந்தாலே சிக்கல். உரிமம் முதலில், துப்பாக்கி பிறகு, புதுப்பிக்கும் தேதி நாள்காட்டியில். குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கே: குலுக்கலில் விழவில்லை. அரிசோனாவில் கட்டிய 160 டாலர் இன்னும் திரும்பி வரவில்லையே?

வராது. அது டேக் பணம் அல்ல, விண்ணப்பிப்பதற்காக நீங்கள் வாங்கிய வேட்டை உரிமம். நெவாடாவிலும் 155 டாலர் அப்படித்தான் போகும். துப்பாக்கி, தோட்டா மீதான வரியை 1937-ன் பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி மாநிலங்களுக்குப் பிரிக்கும்போது பாதியை உரிமம் வைத்திருப்போர் எண்ணிக்கையை வைத்துப் பிரிக்கிறார்கள். ஆகவே உங்கள் உரிமத்தால் மாநிலத்துக்கு இரட்டை வரவு. திரும்ப வருமா, வராதா என்று பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

கே: கொலராடோவில் வில் வேட்டைக்கு நேராகப் போய் எல்க் டேக் வாங்குவேன். இப்போது?

வெளிமாநிலத்தாருக்கு அது 2025-லிருந்து குலுக்கலுக்குப் போய்விட்டது. விலையும் 800 டாலரைத் தாண்டிவிட்டது. 2018-ன் சட்டம் கட்டணத்தை விலைவாசிக் குறியீட்டோடு கட்டிவிட்டதால் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்.

கே: வயோமிங் டேக் கிடைத்தது. பிறகுதான் பார்த்தேன், யூனிட்டில் பாதி வில்டர்னெஸ், அதாவது இயற்கையாகவே விட்டுவைக்கப்பட்ட காடு. தனியாகப் போகலாமா?

முடியாது. அறிவிக்கப்பட்ட வில்டர்னெஸுக்குள் வெளிமாநிலத்தார் பெரிய விலங்கு வேட்டைக்குப் போக உரிமம் பெற்ற கைடு வேண்டும், அல்லது இலவச அனுமதி வாங்கிய உள்ளூர்வாசி உடன் வர வேண்டும். கைடு கட்டணம் டேக்கைப் போலப் பல மடங்கு. வரைபடம் பார்க்காமல் 700 டாலர் கட்டியிருக்கிறீர்கள். மீதிப் பாதி யூனிட்டை இப்போதாவது உட்கார்ந்து படியுங்கள்.

கே: 14 வயது மகனை அழைத்துப் போக ஆசை. ஆயிரக்கணக்கில் செலவழிக்க வசதியில்லை. வழி உண்டா? — ஃபீனிக்ஸ் வாசகி

உண்டு அம்மா. வயோமிங்கில் வெளிமாநிலச் சிறாருக்கு எல்க் 275 டாலர், மானும் ப்ராங்ஹார்னும் 110. அதைவிட மலிவு பெண் ப்ராங்ஹார்ன்: பெரியவருக்கே 34 டாலர்தான். விண்ணப்பக் கட்டணமும் வனவிலங்குப் பாதுகாப்பு முத்திரையும் சேர்த்தாலும் சுமார் 70-ல் முடியும். பெரிய கொம்பு இருக்காது, கறி அருமையாக இருக்கும். திறந்த வெளியில் நாளெல்லாம் விலங்கு கண்ணில் படும், பையனுக்கு அலுக்காது. மலிவான டேக்குகளில் பல தனியார் பண்ணை நிலம் நிறைந்த யூனிட்டுகளில் இருக்கும். பண்ணைக்காரரிடம் அனுமதி வாங்கிய பிறகே விண்ணப்பியுங்கள். வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழைக் கோடைக்குள் எடுக்கவையுங்கள், ஆகஸ்டில் வகுப்பு இடம் கிடைக்காது.