ரத்தப் பிரிவு சேராத சிறுநீரகம்: டைட்டர் பற்றி வந்த கேள்விகள்

ரத்த வங்கியில் டைட்டர் பார்க்கிறவன் நான். சேராத ரத்தப் பிரிவை எதிர்க்கும் ஆன்டிபாடி நோயாளியின் ரத்தத்தில் எவ்வளவு என்று காட்டும் எண்தான் டைட்டர். ரிப்போர்ட்டைப் புரியவைக்க முடியும். சிகிச்சை முடிவு உங்கள் நெஃப்ராலஜி டாக்டருடையது.

சார், வீட்டுக்காரர் ஓ பாசிட்டிவ், கிட்னி தரப்போகிற நான் பி பாசிட்டிவ். அவர் ரிப்போர்ட்டில் ‘ஆன்டி-பி ஐஜிஜி 1:128’ என்று இருக்கிறது. அப்படியென்றால்?

ஆன்டி-பி என்பது பி பிரிவை எதிர்க்கும் ஆன்டிபாடி. ஐஜிஜி அதில் ஒரு வகை. அவருடைய பிளாஸ்மாவைச் சலைனில் 2 மடங்கு, 4 மடங்கு, 8 மடங்கு என்று இரட்டித்துக்கொண்டே நீர்க்கச் செய்வோம். ஒவ்வொரு குழாயிலும் பி பிரிவுச் சிவப்பணு ஒரு சொட்டு. ஊறவைத்துக் கழுவி, ஐஜிஜி ஒட்டிய செல்களைக் கட்டியாக்கும் கூம்ஸ் சீரம் விட்டு, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, வெளிச்சத்தில் பிடித்து மெல்லத் தட்டுவோம். முதல் குழாய்களில் சிவப்பணு ஒரே கட்டியாக எழும்பும். போகப்போக ரவை போல உடையும். கடைசியில் மணியே இல்லாமல் கரைந்துவிடும். மணி தெரிகிற கடைசிக் குழாய்தான் டைட்டர். அவருக்கு 128 மடங்கு நீர்த்த பிறகும் மணி தெரிந்திருக்கிறது. ஓ பிரிவினருக்கு ஐஜிஜி கூடுதலாக இருப்பது சகஜம்தான் அம்மா.

போன மாதம் ஒரு லேபில் 64. இப்போது வேறு இடத்தில் 256. ஏறிவிட்டதா சார்?

இதை வைத்துச் சொல்லவே முடியாது. முதல் லேபில் குழாய் முறையா, இரண்டாவதில் ஜெல் நிரப்பிய கார்டில் பார்க்கும் முறையா? ஜெல் பெரும்பாலும் ஒன்றிரண்டு படி கூடக் காட்டும். பார்த்தது ஐஜிஎம் என்ற இன்னொரு வகை ஆன்டிபாடியா, ஐஜிஜியா? டிடிடி (DTT) என்ற ரசாயனம் போட்டு ஐஜிஎம்மை நீக்கினார்களா? எந்தச் செல்லை வைத்து ஓட்டினார்கள்? இத்தனையும் எண்ணை மாற்றும். அதே லேபில் அதே சாம்பிளைத் திரும்பச் செய்தாலே ஒரு குழாய் முன்பின் வரும். 64க்கும் 128க்கும் நடுவே இருப்பது அந்த ஒரு குழாய்தான். ஆபரேஷன் நடக்கப்போகிற ஆஸ்பத்திரியிலேயே கடைசிவரை பாருங்கள். பழைய சாம்பிளை உறையவைத்து, புதியதோடு சேர்த்து ஓட்டுகிற லேப் கிடைத்தால் விடாதீர்கள்.

எவ்வளவுக்கு இறங்கினால் ஆபரேஷன்?

பல மையங்களில் 1:8. சிலர் 16, 32 வரை ஏற்பார்கள். ரிடுக்ஸிமாப் ஊசி, ஆன்டிபாடி உருவாகக் காரணமான ‘பி செல்’ என்ற வெள்ளணுக்களை ஒழிக்கும் (பி ரத்தப் பிரிவு வேறு). ஏற்கெனவே ரத்தத்தில் ஓடுகிற ஆன்டிபாடியைத் தொடாது. அதை எடுக்கத்தான் பிளாஸ்மா மாற்றமோ, ஆன்டிபாடியைப் பிடித்து வடிகட்டும் ‘காலம்’ (column) என்ற கருவியோ. ஐஜிஜியில் சுமார் பாதி ரத்தக்குழாய்க்கு வெளியே இருப்பதால், எடுத்த பின்னும் உள்ளே திரும்பி வரும். அதனால்தான் பல சிட்டிங். பதிலுக்குப் பிளாஸ்மா ஏற்றினால் ஏபி பிரிவு கேளுங்கள். அதில் ஆன்டி-ஏ, ஆன்டி-பி இரண்டும் கிடையாது. ஐவிஐஜி (தானம் தந்தவர்களின் பிளாஸ்மாவிலிருந்து எடுத்த ஆன்டிபாடி மருந்து) போட்ட பிறகு டைட்டர் சற்று ஏறினால் பதற வேண்டாம், அந்த மருந்திலேயே இந்த ஆன்டிபாடிகள் கொஞ்சம் உண்டு.

நான் ஏ நெகட்டிவ், அம்மா ஏ பாசிட்டிவ். சேருமா அண்ணா?

சேரும் தம்பி. பாசிட்டிவ், நெகட்டிவ் என்பதைத் தீர்மானிக்கும் ஆர்எச் சிறுநீரகத் திசுவில் இல்லை. தருபவரின் செல்லை உங்கள் ரத்தம் எதிர்க்கிறதா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச் தனிக் கதை, அதைப் பார்த்தே ஆகவேண்டும்.

ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம். டைட்டர் மறுபடி 32. தூக்கமே இல்லை.

கிரியாட்டினின் எவ்வளவு? அது அசையாமல் இருந்தால் 32ஐ மட்டும் வைத்துக் கவலைப்படத் தேவையில்லை. கண்டம் முதல் இரண்டு வாரம்தான். அப்போது டைட்டரும் கிரியாட்டினினும் சேர்ந்து ஏறினால் உடனே பயாப்ஸி பற்றிப் பேசுவார்கள். அதைத் தாண்டிவிட்டால், ஆன்டிபாடி திரும்பினாலும் சிறுநீரகம் அதோடு இணங்கி வாழ்கிறது. பயாப்ஸியில் சி4டி (ஆன்டிபாடி வேலை செய்த தடயம்) பாசிட்டிவ் என்று வரலாம். சேதம் இல்லாமல் அது மட்டும் இருந்தால் நிராகரிப்பு என்று அர்த்தமில்லை. ஜப்பானில் மூளைச்சாவுத் தானம் குறைவு என்பதால் 1989 முதலே பிரிவு சேராத சிறுநீரகத்தை வைக்கிறார்கள். அன்று மண்ணீரலையும் எடுத்தார்கள். 2001இல் ஸ்வீடனில் ரிடுக்ஸிமாப்பும் காலம் கருவியும் வைத்துச் செய்த பிறகு அந்த வெட்டு தேவையில்லாமல் போயிற்று.

இத்தனை பாடு படுவதற்கு, இன்னொரு குடும்பத்து ஜோடியோடு கிட்னியை மாற்றிக்கொள்ளும் ஸ்வாப் செய்தால் என்ன?

ஜோடி கிடைத்தால் என் ஓட்டு ஸ்வாப்புக்குத்தான். செலவும் குறைவு, நோய்த்தொற்று பயமும் குறைவு. நெருங்கிய உறவினர் ஜோடிகளுக்குள் மாற்றிக்கொள்ள 2011 சட்டத் திருத்தம் வழிவிட்டிருக்கிறது. ஓ பிரிவு நோயாளிக்குத்தான் ஜோடி அமைவது கஷ்டம்.

அப்பா ‘ஏ2’ என்று எழுதியிருக்கிறது. நான் ஓ.

நல்ல சேதி. ஏ பிரிவில் ஏ1, ஏ2 என்று உட்பிரிவு உண்டு. ஏ2 சிறுநீரகத்தில், ஆன்டிபாடி குறிவைக்கும் ஏ ஆன்டிஜென் குறைவு. ஏ1 செல்லோடு, ஏ2 செல்லை வைத்தும் உங்கள் டைட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.