வாங்கும் முன் ஒரு வார்த்தை: பழைய ஆர்கேட் தொழில் இதழ்கள்

உருண்டையைத் தட்டி ஆடும் பின்பால், பாட்டுப் போடும் ஜூக்பாக்ஸ், வீடியோ கேம் என்று காசு போட்டு இயக்கும் இயந்திரங்களைத் தயாரித்தவர்களுக்கும், அவற்றை ஆர்கேட் எனும் விளையாட்டுக் கூடங்களிலும் கடைகளிலும் வைத்து நடத்தியவர்களுக்கும் அமெரிக்காவில் தனி இதழ்கள் வந்துகொண்டிருந்தன. அவற்றைச் சேர்ப்பவர்கள் எழுதிய கடிதங்கள் இவை. சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: ‘பாங்’ கேமின் முதல் விளம்பரம் வந்த 1972ஆம் ஆண்டு ‘ப்ளே மீட்டர்’ இதழ் விற்பனைக்கு வந்திருக்கிறது. அட்டை இல்லை, அதனால்தான் விலை குறைவு என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ப்ளே மீட்டர் தொடங்கியதே 1974இன் கடைசியில்தான். இதே வகை இதழான ‘ரீப்ளே’ அதற்கும் அடுத்த ஆண்டு. பாங் வந்த காலத்துச் செய்தி வேண்டுமென்றால் ‘கேஷ் பாக்ஸ்’ வார இதழின் பின்பக்கங்களில் தேடுங்கள்.

கேள்வி: ஒரு பின்பால் இயந்திரத்தின் ஒரிஜினல் ஃப்ளையர் என்று சொல்லி நல்ல விலைக்கு விற்றார்கள். கையில் வந்தபோது ஒரு ஓரம் கிழிந்திருந்தது, பின்புறம் சம்பந்தமே இல்லாத ஒரு கட்டுரையின் பாதி. கேட்டால், “அந்தக் காலத்து அச்சுதானே, ஒரிஜினல்தான்” என்கிறார். நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனா?

பதில்: இல்லை, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். ஃப்ளையர் என்பது தயாரிப்பாளர் தனியாக அச்சடித்து, இயந்திரம் வாங்க வருபவரிடம் கொடுத்த தாள். முன்னால் படம் இருக்கும். பின்னாலும் அச்சு இருந்தால் அதே இயந்திரத்தின் சிறப்புகளோ அளவுகளோ இருக்கும். பாதிக் கட்டுரை இருக்காது. உங்களிடம் வந்திருப்பது இதழிலிருந்து கிழித்த விளம்பரப் பக்கம். பக்க எண்ணும் மாதமும் தெரியாதபடி ஓரத்தை வெட்டிவிட்டும் விற்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் படமெடுத்து, ‘விவரித்தபடி இல்லை’ என்று உடனே புகார் கொடுங்கள். ஈபேயில் வாங்கியிருந்தால் பொருள் வந்து 30 நாளுக்குள் கேட்க வேண்டும். விற்றவரோடு தனியாகப் பேசிப் பேசி அந்த நாட்களைக் கடத்திவிடாதீர்கள்.

இந்தப் பக்கக் கிழிப்பைப் பற்றி எனக்கு ரொம்ப நாள் கோபம் உண்டு. ஒரு முழு இதழை விற்பதைவிட அதை இருபது விளம்பரங்களாகப் பிய்த்து விற்றால் லாபம் அதிகம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். மிச்சப் பக்கங்கள் குப்பைக்குப் போகின்றன. அந்த மிச்சத்தில்தான் விஷயமே இருக்கிறது. பழைய இயந்திரங்களின் விலைப் பட்டியல், நடத்துபவர்களின் கடிதங்கள், வரி பற்றிய புலம்பல், எந்த ஊரில் எதைத் தடை செய்தார்கள் என்ற செய்தி எல்லாம் அங்கேதான். நியூயார்க் நகரில் 1942 முதல் இருந்த பின்பால் தடை 1976இல் நீங்கியது. அந்த வருடம் இந்தத் தொழிலில் இருந்தவர்கள் எதற்குப் பயந்தார்கள், எதை நம்பினார்கள் என்பதை விளம்பரம் சொல்லாது. விளம்பரத்தில் எல்லா இயந்திரமும் வசூலில் முதலிடம்தான். அதே 1976இல் ரீப்ளே, வசூலில் முந்திய இயந்திரங்களின் பட்டியலை வெளியிட்டது. இப்படி ஒரு பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் விளம்பரத்தின் பேச்சு எவ்வளவு தூரம் உண்மை என்று தெரியும். ஃப்ரேம் போட்டு மாட்ட ஒரு படம் வேண்டுமென்றால் நல்ல மறுஅச்சு வாங்குங்கள். நாம் வாங்குவதால்தான் கிழிக்கிறார்கள்.

கேள்வி: ஏலத்தில் நூலகம் கழித்துக் கட்டிய பைண்டு வால்யூம் (பல மாத இதழ்களைச் சேர்த்துத் தைத்த தொகுதி) மூன்று எடுத்தேன். எந்த மாதத்திலும் அட்டை இல்லை, முன்பின் விளம்பரப் பக்கங்களும் இல்லை. திருப்பி எடுக்க மாட்டோம் என்று முன்பே போட்டிருந்தார்கள். என்ன செய்யலாம்?

பதில்: ஒன்றும் செய்ய முடியாது. இடத்தை மிச்சப்படுத்த அட்டையையும் விளம்பரத் தாள்களையும் எடுத்துவிட்டு பைண்டு செய்த நூலகங்கள் நிறைய. அதனால்தான் எத்தனை பக்கம், அட்டைகள் உள்ளே இருக்கின்றனவா, உள்பக்க ஓரத்தில் எழுத்து வெட்டுப்படுகிறதா என்று முதலில் கேட்கச் சொல்கிறேன். இதைப் பல தடவை எழுதியாயிற்று. திருப்பி எடுக்க மாட்டோம் என்று படித்த பிறகும் ஒரு கேள்விகூடக் கேட்காமல் மூன்று வால்யூமுக்குக் கை தூக்கினால் நான் என்ன பதில் சொல்வது?

கேள்வி: கிழிந்த பக்கங்களுக்கு செலோ டேப் ஒட்டலாமா? லேமினேட் செய்தால்?

பதில்: இரண்டும் கூடாது. பாலியெஸ்டர் பிளாஸ்டிக் உறையில் போட்டு இருட்டில் வையுங்கள்.

கேள்வி: ஒரு வருட ரீப்ளே கட்டாக வாங்கினேன். எப்போதோ தண்ணீர் பட்டுக் காய்ந்திருக்கிறது. பக்கங்கள் பிரியவே இல்லை. ஆவி காட்டினால் பிரியுமா?

பதில்: பிரியாது. பளபளப்பான தாளின் மேல் களிமண் கலந்த பூச்சு இருக்கும். நனைந்து காய்ந்தால் பூச்சும் பூச்சும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். பிரிக்கப் போனால் எழுத்தும் உரிந்து வந்துவிடும். ஈரமாக இருக்கும்போதே கிடைத்திருந்தால், காயவிடாமல் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, தாள் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுக்கலாம். என்னிடமும் இப்படி ஒரு கட்டு இருக்கிறது. விற்றவர் முதுகுப் பக்கத்தை மட்டும் படமெடுத்து ‘நல்ல நிலை’ என்று எழுதியிருந்தார், வந்தது செங்கல் மாதிரி ஒட்டிப்போன கட்டு. பக்கங்களை விசிறிப் பிடித்து ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். ஓரம் அலை அலையாக இருந்தால் தண்ணீர் பட்டிருக்கிறது, விட்டுவிடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன். விற்பவர் மலிவான ‘மீடியா மெயில்’ தபாலில் முப்பது இதழ் அனுப்பினார். தபால்காரர் கூடுதல் பணம் கேட்கிறார். இது நியாயமா?

பதில்: தபால் துறை செய்தது சரிதான். விளம்பரம் உள்ள இதழ்களை அந்த மலிவுக் கட்டணத்தில் அனுப்ப முடியாது. தொழில் இதழில் பக்கத்துக்குப் பக்கம் விளம்பரம். பெட்டியைத் திறந்து பார்க்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. தவறு விற்றவருடையது, கூடுதல் தொகையை அவரிடம் கேளுங்கள். அடுத்த முறை எந்த வகைத் தபால் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கேள்வி: 1964ஆம் ஆண்டு கேஷ் பாக்ஸ் ஒன்று பார்த்தேன். அட்டையில் பீட்டில்ஸ். அடுத்த வார இதழைவிடப் பல மடங்கு விலை. எனக்கு இயந்திரப் பக்கங்கள்தான் வேண்டும்.

பதில்: அப்படியானால் அடுத்த வார இதழை வாங்குங்கள். கேஷ் பாக்ஸ் 1942இல் தொடங்கியபோது இயந்திரத் தொழிலுக்கான இதழாக இருந்தது, பிறகு பாட்டுச் செய்தி முன்னால் வந்துவிட்டது. அந்த அட்டைக்கு விலை ஏற்றுபவர்கள் இசை ரசிகர்கள். அவர்களோடு போட்டி போட உங்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

கேள்வி: ஸ்கேன் இலவசமாகக் கிடைக்கும்போது காகிதத்தை எதற்கு வாங்க வேண்டும்?

பதில்: படிக்க மட்டும் என்றால் வாங்கவே வேண்டாம். அமெரிக்கப் பொழுதுபோக்குத் தொழில் இதழான ‘பில்போர்டு’டின் பழைய இதழ்கள் ஆண்டு ஆண்டாக கூகுள் புக்ஸில் இருக்கின்றன, 1930களுக்குப் பிந்தைய இயந்திரச் செய்திகளுக்கு நல்ல இடம். ஆனால் பழைய ஸ்கேன்கள் பல கறுப்பு வெள்ளை. சிலவற்றில் மடித்து வைத்த பெரிய விளம்பரத் தாளைப் பிரிக்காமலே படமெடுத்திருப்பார்கள். முதலில் ஸ்கேனில் தேடுங்கள். அங்கே பக்கம் விடுபட்ட இதழைக் குறித்து வைத்துக்கொண்டு, அதை மட்டும் காகிதத்தில் தேடி வாங்குங்கள். வாங்கினால் அந்தப் பக்கங்களைப் படமெடுத்து, ஆவணக் காப்பகம் ஏதாவது ஒன்றுக்கு எழுதிக் கேளுங்கள். விடுபட்ட பக்கம் கிடைத்தால் அவர்களுக்கும் உதவும்.