பள்ளியில் வந்த மெக்கானிக்ஸ் கல்லூரியில் ஏன் வரமாட்டேன் என்கிறது?

"பள்ளியில் இயற்பியல் நன்றாகவே வந்தது, கல்லூரி முதல் பருவத்தில் கால்குலஸோடு வரும் மெக்கானிக்ஸ் தலையில் ஏறவில்லை, எப்படிப் படிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அதே நிலைதான் இருந்தது. எந்தக் கணக்கில் தடுக்கியது என்பதுகூட நினைவிருக்கிறது.

சுவரில் பொருத்திய ஸ்பிரிங். ஒரு கட்டையை வைத்து அதை அழுத்திப் பிடித்து, அப்புறம் விட்டுவிட்டால் கட்டை என்ன வேகத்தில் கிளம்பும்? உராய்வு இல்லை. நான் அழுத்திய நிலையில் இருக்கும் விசையை நிறையால் வகுத்து, கிடைத்த முடுக்கத்தை 'வி ஸ்கொயர் = யூ ஸ்கொயர் + 2ஏஎஸ்' சூத்திரத்தில் போட்டேன். சரியான விடையைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு வந்தது. கணக்கு போட்டதில் பிழை இல்லை, அந்தச் சூத்திரத்தை எடுத்ததே பிழை. முடுக்கம் மாறாமல் இருந்தால்தான் அது செல்லும். இங்கே ஸ்பிரிங் விரிய விரிய விசை குறைந்துகொண்டே வந்து, இயல்பு நீளத்தைத் தொடும்போது பூஜ்யமாகிவிடுகிறது.

அதனால் அந்தச் சூத்திரங்களைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். ஒவ்வொரு கணக்கிலும் முதலில் படம் போட்டு, பொருளின் மேல் இருக்கும் விசைகளை மட்டும் குறித்துவிட்டு, இந்த விசை எதைப் பொறுத்து மாறுகிறது, நேரத்தையா, இடத்தையா, வேகத்தையா என்று கேளுங்கள். எனக்குக் கதவு திறந்தது இந்தக் கேள்வியில்தான். இடத்தைப் பொறுத்து மாறினால் முடுக்கத்தை 'வி டிவி பை டிஎக்ஸ்' என்று எழுதலாம், அதாவது வேகத்தை, இடத்தைப் பொறுத்து வேகம் மாறும் வீதத்தால் பெருக்குவது; வெறும் செயின் ரூல்தான். நிறையால் பெருக்கி இரண்டு பக்கமும் தொகையிட்டால், இடது பக்கம் இயக்க ஆற்றல், வலது பக்கம் விசை-தூர வரைபடத்தின் கீழுள்ள பரப்பு. ஸ்பிரிங்குக்கு அது ஒரு முக்கோணம், நான் போட்டதோ முழுச் செவ்வகம். கூடுதலாகச் சேர்த்த அந்தப் பாதியால் ஆற்றல் இரண்டு மடங்காகி, வேகத்தில் 1.4 ஆக வந்து நின்றது, 2இன் வர்க்கமூலம். வேலை-ஆற்றல் தேற்றம் என்று தனி அத்தியாயமாகப் படிப்பதும் இதே இரண்டு வரிதான்.

வேகத்தைப் பொறுத்து மாறும் விசைக்கு மழைத்துளியை எடுத்துக்கொள்ளுங்கள். 2 கிலோமீட்டர் உயரத்திலிருந்து காற்றுத் தடையே இல்லாமல் விழுந்தால் அது மணிக்கு 700 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் தரையைத் தொடும். நிஜத்தில் பெரிய துளிகூட விநாடிக்கு 9 மீட்டர் வாக்கில்தான் வருகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்று வைத்தால், முடுக்கம் = 9.8 × (1 − வேகத்தின் வர்க்கம் ÷ 81). 81 என்பது அந்த 9இன் வர்க்கம், வேகம் 9ஐத் தொட்டால் முடுக்கம் பூஜ்யம். இதை முதலில் கையால் போடுங்கள்: தொடக்கத்தில் முடுக்கம் 9.8, 0.1 விநாடி கழித்து வேகம் 0.98, அந்த வேகத்தில் முடுக்கம் 9.68, இன்னொரு 0.1 விநாடியில் வேகம் 1.95. இப்படியே இருபது வரி போனால் 2 விநாடியில் வேகம் 8.8ஐ ஒட்டி வந்துவிடும், அதற்குப் பிறகு ஏறுவதே தெரியாது. அலுப்பான வேலைதான், ஆனால் நானாக எழுதிய அந்த இருபது வரிகள் கற்றுத் தந்த அளவுக்கு எந்த வகுப்பும் எனக்கு டிஃபரன்ஷியல் ஈக்வேஷனை, அதாவது இப்படி மாறும் வீதத்தை வைத்து எழுதும் சமன்பாட்டை, கற்றுத் தரவில்லை.

கணிதம் போதாது என்ற பயம் இருந்தால், முதல் பருவத்துக்குப் பெரிதாக ஒன்றும் தேவைப்படாது. அடுக்குகள், சைன், கொசைன், எக்ஸ்பொனென்ஷியல், இவற்றின் வகையீடும் தொகையீடும், செயின் ரூல், வெக்டரைக் கூறுகளாகப் பிரிப்பது. கணித வகுப்பில் தொகையீடு இன்னும் வரவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம், வரைபடத்தின் கீழ் பரப்பு என்ற ஒரே பொருளை வைத்துக்கொண்டு ஸ்பிரிங் கணக்கை இன்றைக்கே போட்டுப் பாருங்கள்.