சூடேற வேண்டியது பவர் சப்ளையா, பெல்ட்டா?

கேள்வி: பெல்ட் டிரைவ் டர்ன்டேபிளுக்கு (மோட்டார் ரப்பர் பெல்ட் வழியாகச் சுழற்றும் இசைத்தட்டுக் கருவி) தனியாக ஒரு பவர் சப்ளை பெட்டி வாங்கியிருக்கிறேன். ஏசி சிங்க்ரோனஸ் மோட்டார். 200 மணி நேரம் ஓடினால்தான் பெட்டி 'பழகி' ('பர்ன்-இன்' ஆகி) நல்ல ஒலி தரும் என்கிறார்கள். தினமும் அரை மணி நேரம் முன்னதாகவே ஆன் செய்யச் சொல்கிறார்கள். இரண்டும் அவசியமா?

பதில்: 200 மணி நேரக் கணக்கை விட்டுவிடுங்கள். முன்னதாக ஆன் செய்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு, ஆனால் அந்த நியாயம் பெட்டிக்கு உரியதல்ல.

இந்த வகைப் பெட்டி செய்யும் வேலை ஒன்றுதான்: ஒரு கிரிஸ்டலிலிருந்து (சீராக அதிரும் குவார்ட்ஸ் துண்டு) சுத்தமான சைன் அலையை உண்டாக்கி, பெருக்கி, மோட்டாருக்கு அனுப்புவது. 50 ஹெர்ட்ஸ் மோட்டார் என்றால் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்கு 50 ஹெர்ட்ஸ், 45 சுற்றுக்கு 67.5 ஹெர்ட்ஸ். சாதாரணக் கிரிஸ்டலே குளிர்ந்த நிலைக்கும் சூடான நிலைக்கும் இடையே பத்து லட்சத்தில் சில பத்துகள்தான் நகரும். 50 என்று வைத்துக்கொண்டால் 0.005 சதவீதம். இசையில் அரைச் சுரம் என்பது ஏறக்குறைய 6 சதவீதம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. வோல்ட்டேஜை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர், பெருக்கி எல்லாம் சில நிமிடங்களில் நிலைக்கு வந்துவிடும். எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் புதிதாக இருந்தால், மின்சாரம் பாய்ந்த சில நிமிடங்களில் அதன் கசிவு மின்னோட்டம் அடங்கிவிடும். அதற்கு மேல் 200 மணி நேரம் 'பழக' அதற்குள் ஒன்றும் இல்லை.

தொழிற்சாலைகளில் 'பர்ன்-இன்' என்று ஒரு வேலை உண்மையிலேயே நடக்கிறது. கருவியைச் சூட்டில் பல மணி நேரம் ஓடவிடுவார்கள். பழுதாகும் உருப்படிகளில் பல முதல் சில நாட்களிலேயே பழுதாகிவிடும். அவற்றை வாசலிலேயே பிடித்து ஒதுக்கத்தான் இந்த ஏற்பாடு. ஒலியை மெருகேற்ற அல்ல. அந்தச் சொல்தான் இங்கே இடம் மாறி வந்து உட்கார்ந்திருக்கிறது.

பழகுவது மற்ற பாகங்கள். புது பெல்ட் சில மணி நேரம் ஓடினால் மடிப்பு நீங்கும். ஊசி பொருந்தியிருக்கும் காட்ரிஜில் ஊசித்தண்டைத் தாங்கும் ரப்பர் முதல் சில பத்து மணி நேரங்களில் இளகும். பெட்டியும் காட்ரிஜும் ஒரே மாதத்தில் வாங்கியவர் எதனால் ஒலி மாறியது என்று எப்படிச் சொல்வார்? கேட்கும் காதும் பழகிக்கொள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தினசரிச் சூட்டுக்கு வருவோம். சிங்க்ரோனஸ் மோட்டார் மெல்ல மெல்ல வேகம் குறையும் சாதி அல்ல. அலைவரிசையோடு பூட்டிக்கொண்டு சுற்றும். முடியாவிட்டால் பூட்டு அறுந்து தடுமாறும், நடுவில் ஒன்றும் கிடையாது. ஆகவே முதல் பத்து நிமிடம், இசைத்தட்டைத் தாங்கிச் சுழலும் தட்டு சற்று மெதுவாக ஓடிப் பிறகு சரியாகிறது என்றால், மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவில்தான் தேட வேண்டும். இரவெல்லாம் ஒரே இடத்தில் வளைந்து கிடந்த பெல்ட் விறைத்திருக்கும், கப்பியின் மேல் துளித்துளியாக நழுவும். பேரிங்கில் எண்ணெய் கீழே இறங்கியிருக்கும். படலம் பரவச் சில சுற்றுகள் வேண்டும். (33 சுற்றில் பேரிங் சூடாகும் என்பது கற்பனை. சூடாவது மோட்டார் மட்டுமே.) ஊசியைத் தூக்கிவைத்து 10 முதல் 15 நிமிடம் தட்டைச் சுற்றவிட்டால் போதும். பெட்டியை மட்டும் ஆன் செய்து தட்டை நிறுத்தி வைப்பதால் பயனில்லை.

நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். 3150 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனை இசைத்தட்டும், கைபேசியில் அலைவரிசை காட்டும் செயலியும் போதும். முதல் நாள் எல்லாமே ஆறிக் கிடக்கும்போது ஆரம்பித்து 1, 5, 10, 20, 30-ஆவது நிமிடங்களில் ஊசியை வைத்து அளவு எடுங்கள். இடையில் ஊசியைத் தூக்கிவிட்டுத் தட்டைச் சுற்றவிடுங்கள். மறுநாள், பெட்டியை மட்டும் பல மணி நேரம் ஆனில் வைத்து, மோட்டாரை ஓடவிடாமல், அறையில் அதே வெப்பநிலை இருக்கும்போது அதே அளவுகளை எடுங்கள். இரண்டு நாள் எண்களும் ஒரே மாதிரி ஏறினால் பெட்டியின் சூட்டுக்கும் வேகத்துக்கும் தொடர்பில்லை. 3.15 ஹெர்ட்ஸ் வித்தியாசம் என்றால் 0.1 சதவீதம்.

ஒரு எச்சரிக்கை: எண் 1.8 விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கினால் அது இசைத்தட்டின் ஒரு சுற்று. பெரும்பாலும் நடு ஓட்டை மையத்தில் இல்லாததுதான் காரணம். 100 மில்லிமீட்டர் ஆரத்தில் 1 மில்லிமீட்டர் விலகினாலே வேகம் 1 சதவீதம் இரு பக்கமும் ஆடும். பெட்டியைத் திட்டாதீர்கள்; அரை நிமிடச் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னுடையது டிசி மோட்டார். மாலையில் பிரிசெட்டை (வேகத்தைச் சரிசெய்யும் சிறு திருகு) திருகி 33⅓ சரியாக வைத்தால், மறுநாள் ஆரம்பத்தில் மெதுவாக ஓடுகிறது. பவர் சப்ளை கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. இங்கேதான் சூடு உண்மையாகவே பேசுகிறது. வேகத்தை அளந்து திருத்தும் ஏற்பாடு இல்லாத டிசி மோட்டார், தரப்படும் வோல்ட்டேஜையும் காந்தத்தின் வலுவையும் நம்பி ஓடுகிறது. ஃபெரைட் காந்தம் ஒரு டிகிரி சூடானால் சுமார் 0.2 சதவீதம் வலுவிழக்கும். காந்தம் தளர்ந்தால் மோட்டார் மெதுவாகும் என்று தோன்றும், நடப்பது நேர்மாறு. அதே வோல்ட்டேஜில் மோட்டார் வேகமெடுக்கும். 5 டிகிரி ஏறினால் 1 சதவீதம். சுருளின் செம்புக் கம்பியில் தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் கூடி இதைச் சற்று இழுத்துப் பிடிக்கும், ஆனால் சுமை குறைவான மோட்டாரில் அந்த இழுப்பு சிறியது. இதோடு ஒப்பிட்டால் பவர் சப்ளையின் பங்கு அற்பம்: 12 வோல்ட் தரும் 7812 ரெகுலேட்டர் டிகிரிக்குச் சுமார் 1 மில்லிவோல்ட் இறங்கும், 20 டிகிரி சூடேறினாலும் 0.17 சதவீதம்தான்.

எனவே 20 நிமிடம் ஓடவிட்டு, ஊசி இசைத்தட்டின் மேல் இருக்கும்போதே பிரிசெட்டைத் திருப்புங்கள். ஊசியின் உரசலும் ஒரு சுமை. பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவர் நல்லது. சில மாடல்களில் 33-ஐத் திருப்பினால் 45-உம் நகரும், அதனால் இரண்டையும் மறுபடி பார்க்க வேண்டும். தொட்டாலே வேகம் குதிக்கிறது என்றால் பிரிசெட்டின் தடம் அழுக்காகியிருக்கிறது. பழைய நிலையைக் குறித்துக்கொண்டு, மின்சாரத்தைத் துண்டித்து, ஒரு சொட்டு கான்டாக்ட் கிளீனர் விட்டு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பத்துப் பதினைந்து முறை திருப்புங்கள்.

ஸ்ட்ரோப் வட்டு (வேகம் சரியாக இருந்தால் விளக்கொளியில் கோடுகள் நிற்பதுபோல் தெரியும் வட்டு) வைத்துப் பார்ப்பவர்களுக்கு: 50 ஹெர்ட்ஸ் விளக்கில் 33⅓-க்கு 180 கோடுகள். நிமிடத்துக்கு ஒரு கோடு நகர்ந்தால் பிழை 0.017 சதவீதம், ஆறு கோடு நகர்ந்தால் 0.1. ஆனால் மின்சார வாரியத்தின் 50 ஹெர்ட்ஸே கொஞ்சம் முன்பின் ஆகும். நகர்வது தட்டா, மின்சாரமா என்று தெரியாது. நல்ல எல்இடி பல்பில் துடிப்பே இல்லாததால் கோடுகள் தெரியவே தெரியாது.

கேள்வி: எட்டு வருடமாக அட்டைப்பெட்டியில் கிடந்த பவர் சப்ளை. அப்படியே பிளக்கில் செருகலாமா?

பதில்: வேண்டாம். மெல்ல உயிர் கொடுப்பது பொருந்துவது இதற்குத்தான். வருடக்கணக்கில் மின்சாரம் பார்க்காத எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரில் ஆக்சைடு படலம் மெலிந்திருக்கும். முழு வோல்ட்டேஜையும் ஒரேயடியாகக் கொடுத்தால் கசிவு அதிகமாகிச் சூடாகும், சில சமயம் வெடிக்கும்.

முதலில் மூடியைத் திறந்து பாருங்கள்: கெபாசிட்டரின் தலை உப்பல், அடியில் பழுப்புக் கறை, மீன் வாடை. மூன்றில் எது இருந்தாலும் மாற்றிவிடுங்கள். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட்டேஜ், 105 டிகிரி ரகம். சுத்தமாக இருந்தால், மோட்டாரைக் கழற்றிவிட்டு வேரியாக்கில் (வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் கருவி) கால், அரை, முக்கால், முழு வோல்ட்டேஜ் என்று ஒவ்வொன்றிலும் இருபது நிமிடம் வையுங்கள். ஏதாவது சூடானால் நிறுத்துங்கள். சீரிஸில் 40 வாட் குண்டு பல்பு போடுவது ஷார்ட் இருந்தால் காப்பாற்றும். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். ஆனால் சிறிய சப்ளைக்கு அது வோல்ட்டேஜைக் குறைத்துத் தராது. வேரியாக்குக்கு மாற்று என்று நினைக்காதீர்கள். இந்த முறை டிரான்ஸ்ஃபார்மர் உள்ள சப்ளைக்கு மட்டும், கைபேசி சார்ஜர் போன்ற ஸ்விட்ச் மோட் அடாப்டருக்கு அல்ல. ஏசி மோட்டார் பெட்டியின் வெளியீட்டிலும் நூறு வோல்ட்டுக்கு மேல் இருக்கலாம். கை வைக்குமுன் பிளக்கை உருவிச் சில நிமிடம் பொறுங்கள்.

கேள்வி: பவர் சப்ளையை 24 மணி நேரமும் ஆனில் வைத்தால் நல்லதா?

பதில்: ஒலிக்கு ஒரு லாபமும் இல்லை. 8 வாட் இழுக்கும் பெட்டி வருடத்துக்கு 70 யூனிட் தின்னும். 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று குறித்த கெபாசிட்டருக்கு, சூடு 10 டிகிரி குறையும் ஒவ்வொரு முறையும் ஆயுள் இரட்டிக்கும். பெட்டிக்குள் 65 டிகிரி என்றால் 32,000 மணி நேரம். ஓயாமல் ஓடினால் நான்கு வருடம்கூட ஆகாது. இடி மின்னலுக்கு அது எப்போதும் தயாராக நிற்கும் என்பது தனி.

கேள்வி: மோட்டாரே நேரடியாகத் தட்டைச் சுழற்றும் குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவுக்கும் இதெல்லாம் உண்டா?

பதில்: இல்லை. 1979-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 நின்ற நிலையிலிருந்து 0.7 விநாடியில் வேகத்துக்கு வந்துவிடும். பெல்ட்டும் கிடையாது, காந்தம் தளர்ந்தாலும் குவார்ட்ஸ் பூட்டு திருத்திக்கொள்ளும். இசைத்தட்டை வைத்து ஊசியை இறக்குங்கள்.