கனெலோவை வென்ற கால்கள்: வாசகர் கேள்வி பதில்

குத்துச்சண்டை பற்றிய உங்கள் கேள்விகளுக்கு, காரைக்குடியில் மாணவர்களுக்குப் பயிற்சி தந்துவரும் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் பதில் சொல்கிறார்.

தேவகோட்டை வாசகர்: 2025 செப்டம்பர் 13 அன்று லாஸ் வேகாஸில் நடந்த பட்டப் போட்டியில் மெக்சிகோ வீரர் கனெலோ அல்வாரெஸை அமெரிக்க வீரர் டெரன்ஸ் கிராஃபோர்ட் வென்றதாக மூன்று நடுவர்களும் தீர்ப்பளித்தார்கள். எங்கள் வீட்டில் பாதிப் பேர் கனெலோதான் வென்றார் என்கிறோம். தீர்ப்பு சரியா?

சரி. 116-112, 115-113, 115-113 என்பவை நடுவர்கள் தந்த புள்ளிகள். ஒரு சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9. ஆகவே 115-113 என்றால், மொத்தம் பன்னிரண்டு சுற்றில் ஏழு கிராஃபோர்டுக்கு, ஐந்து கனெலோவுக்கு. அதில் ஒரே ஒரு சுற்று மாறியிருந்தால் 114-114 என்று சமனாகியிருக்கும். உங்கள் வீட்டில் கருத்து இரண்டுபட்டதில் வியப்பில்லை.

ஆனால் அரங்கில் 70,000 பேருக்கு மேல் இருந்தார்கள், பெரும்பகுதி கனெலோவின் ரசிகர்கள். அவர் விலாவில் ஓங்கி அடிக்கும்போதெல்லாம், பட்டாலும் படாவிட்டாலும், கூரை அதிர்ந்தது. கிராஃபோர்ட் முன்னால் வைத்த கையால் முகத்தில் தட்டிவிட்டு நகர்ந்தபோது யாரும் கத்தவில்லை. ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டு இன்னொரு முறை பாருங்கள். பிறகும் கனெலோ வென்றார் என்று தோன்றினால் எனக்கு எழுதுங்கள், சுற்றுச் சுற்றாகப் பேசலாம்.

கல்லூரி மாணவர், காரைக்குடி: ஐயா, எடை குறைந்தவர் எப்படி வென்றார்? இரண்டு பிரிவு தாண்டி வந்தவர் என்கிறார்களே?

தம்பி, உங்களைப் போன்றவர்கள் கேட்கவேண்டும் என்று நான் காத்திருந்த கேள்வி இது. கிராஃபோர்ட் 2014-இல் கிளாஸ்கோவில் முதல் உலகப் பட்டத்தை வென்றது 61.2 கிலோ பிரிவில். 2023-இல் எரோல் ஸ்பென்ஸை ஒன்பதாவது சுற்றில் நிறுத்தியபோது 66.7 கிலோ. அடுத்த ஆண்டு 69.9 கிலோ பிரிவில் ஒரே ஒரு போட்டி, மத்ரிமோவுடன். அங்கிருந்து 72.6 கிலோவில் நிற்காமல் நேரே 76.2 கிலோவுக்கு ஏறிக் கனெலோவின் எதிரில் நின்றார். 38 வயதை எட்ட இரண்டு வாரம் இருந்தது. பலர் இதைப் பணத்துக்கான போட்டி என்றே நினைத்தார்கள்.

கனெலோ தோற்ற மூன்று போட்டிகளையும் சேர்த்துப் பாருங்கள். 2013-இல் மேவெதர், 2022-இல் பிவோல், இப்போது கிராஃபோர்ட். மேவெதர் சிறிய உடல்காரர், பிவோல் பெரியவர், கிராஃபோர்ட் கீழிருந்து ஏறி வந்தவர். உடல் அளவில் மூவருக்கும் பொருத்தம் இல்லை. மூவரும் நின்ற இடத்தில் நிற்காதவர்கள். எதிராளியைத் தொலைவிலேயே நிறுத்தி வைக்கத் தெரிந்தவர்கள். கனெலோவைத் தோற்கடித்தது இதுதான்.

கனெலோ இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றிய பிறகுதான் பலமாக அடிப்பார். ஊன்றிவிட்டால் அவரைப்போல் அடிக்கக் கூடியவர்கள் மிகச் சிலரே. கிராஃபோர்ட் வலது கையை முன்னால் வைத்து இடக்கைக்காரர் நிலையில் நின்றார். வலது கையால் ஒரு குத்து, உடனே பக்கவாட்டில் அரை அடி. கனெலோ மறுபடி திரும்பி, மறுபடி ஊன்றவேண்டும். அதற்குள் அடுத்த குத்து. பன்னிரண்டு சுற்றும் ஒரு பெரிய மனிதரை இப்படித் திரும்பத் திரும்பக் கால் மாற்ற வைப்பது எவ்வளவு கடினம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பின் சுற்றுகளில் கிராஃபோர்ட் நின்று, எதிர்த்து அடிக்கவும் செய்தார். அந்தத் துணிச்சலுக்கும் முதல் பாதியில் கால்கள் செய்த வேலைதான் காரணம்.

நம் நேரப்படி ஞாயிறு காலையில் ஒளிபரப்பான இந்தப் போட்டியை என் மாணவர்களுக்கு நான் மறுபடி போட்டுக் காட்டியபோது, தொலைக்காட்சியின் மேல்பாதியை ஒரு துண்டால் மறைத்துவிட்டேன். நான்கு பாதங்கள் மட்டுமே தெரிந்தன. யார் வெல்கிறார் என்று பையன்கள் பிழையில்லாமல் சொன்னார்கள். நீங்களும் செய்து பாருங்கள்.

திருப்பத்தூர் வாசகர்: கனெலோ இனி என்ன செய்யவேண்டும்?

போட்டிக்குப் பின் முழங்கையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அப்போது வயது 35தான் என்றாலும், 15 வயதில் தொழில்முறையில் இறங்கியவர். அந்தப் போட்டியோடு 63 வெற்றி, 3 தோல்வி, 2 சமன். அந்த உடல் வாங்கிய அடிக்கு வயதை வைத்துக் கணக்குப் போட முடியாது.

இன்னொரு முறை மேல் எடைக்குப் போகக்கூடாது. பெயர்பெற்ற வயதான வீரர்களைத் தேடிப் பிடிக்கவும் கூடாது. 2021-இல் தன் எடைப் பிரிவில் நான்கு உலக அமைப்புகள் தரும் நான்கு பட்டங்களையும் கனெலோ ஒன்றுசேர்த்த பிறகு, அதே பிரிவு வீரர் டேவிட் பெனாவிடெஸ் அவருக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். அந்தப் போட்டி நடக்கவே இல்லை. பெனாவிடெஸ் வேறு பிரிவுக்குப் போய்விட்டார். கனெலோவை நான் மிகவும் மதிக்கிறேன், அதனாலேயே இதை மன்னிக்க மனம் வரவில்லை. இப்போது கனெலோவின் பிரிவில் கிறிஸ்டியன் எம்பிலி, ஹம்சா ஷீராஸ் என்று இளைஞர்கள் வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரோடு மோதட்டும். வென்றால் அது உண்மையான வெற்றி. தோற்றால் அங்கேயே கையுறையைக் கழற்றிவிடவேண்டும்.

ஒரு ஆச்சி, கானாடுகாத்தான்: வாத்தியார் தம்பி, எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் இந்தச் சண்டையைப் பார்த்ததிலிருந்து குத்துச்சண்டை பழகவேண்டும் என்று அடம்பிடிக்கிறான். தலையில் அடிபடுமே என்று எனக்குப் பயம். அனுப்பலாமா?

ஆச்சி, உங்கள் பயம் நியாயமானது. 1982-இல் தென்கொரிய வீரர் கிம் டுக்-கூ, ரே மான்சினியுடன் மோதி 14-ஆவது சுற்றில் வீழ்ந்து, சில நாளில் இறந்துபோனார். அதன் பிறகுதான் பட்டப் போட்டிகள் 15 சுற்றிலிருந்து 12 ஆகக் குறைக்கப்பட்டன. பேரன் பழகப்போவது தொழில்முறை அல்ல. அமெச்சூர் போட்டிகள் மூன்று சுற்றோடு முடியும், சிறுவர்களுக்குத் தலைக்கவசம் உண்டு. ஆனாலும் அடி அடிதான்.

பயிற்சியாளரிடம் நீங்களே நேரில் போய்க் கேளுங்கள். முதல் சில மாதங்கள் பேரனை யாரோடும் மோதவிடமாட்டேன் என்று அவர் சொல்லவேண்டும். எடை குறைக்கத் தண்ணீர் குடிக்காதே, சாப்பிடாதே என்று சொல்கிறவராக இருந்தால் அன்றே கூட்டிவந்துவிடுங்கள். என்றைக்காவது தலையில் அடிபட்டு, தலைவலி, வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம் என்று எது வந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். அவர் சரி என்று சொல்லும்வரை பயிற்சி இல்லை.

அதுவரை வீட்டில் ஸ்கிப்பிங் ஆடட்டும். வளவில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின்மேல் மட்டும் வேண்டாம். வியர்வை சொட்டினால் வழுக்கும், முழங்காலுக்கும் கெடுதல். பின்கட்டு மண்தரையில் ஆடட்டும். கையுறைக்கு இப்போது செலவு செய்யாதீர்கள். நல்ல காலணி வாங்கிக் கொடுங்கள்.

பள்ளத்தூர் வாசகர்: கிராஃபோர்ட் திரும்பி வருவாரா?

வென்ற பட்டங்களில் ஒன்றை, கட்டணம் செலுத்தவில்லை என்று அதை வழங்கும் அமைப்பான டபிள்யூ.பி.சி. (உலக குத்துச்சண்டை கவுன்சில்) 2025 டிசம்பர் மாதத் தொடக்கத்தில் பறித்துக்கொண்டது. சில நாளிலேயே அவர் ஓய்வை அறிவித்துவிட்டார். 42 போட்டி, 42 வெற்றி. மூன்று எடைப் பிரிவுகளில் நான்கு பட்டங்களையும் ஒருசேர வென்ற முதல் ஆண் வீரர். 2008-இல் ஒமாஹாவில் காருக்குள் இருந்தபோது தலையில் குண்டடி பட்டு, தானே காரை ஓட்டி மருத்துவமனைக்குப் போன மனிதர் இவர்.

பெரும்பணம் காட்டி அழைப்பார்கள். மேவெதரும் ஓய்வு என்று சொல்லிவிட்டுத் திரும்பியவர்தான். கிராஃபோர்ட் வரக்கூடாது என்பது என் விருப்பம். அவர் வென்றது கால்களால். முதலில் மெதுவாவதும் கால்கள்தான். 38 வயதில் அவை நன்றாக இருக்கும்போதே இறங்கிவிட்டார்.