நேரோ கேஜ் வேகன்: ரெடிமேடா, கிட்டா?

கேள்வி: ஹெச்ஓஎன்3 அளவில் (1:87.1 விகிதத்தில் 3 அடி குறுகிய பாதை மாதிரி), அமெரிக்காவின் கொலராடோ மலைப் பாதை பாணியில் ஒரு மாதிரி ரயில் லேஅவுட் போடுகிறேன். வளைவின் ஆரம் 18 அங்குலம். பன்னிரண்டு சரக்கு வேகன் வேண்டும். ரெடிமேடாக வாங்கலாமா, கிட் (துண்டுகளாக வரும் தொகுப்பு) வாங்கிக் கட்டலாமா? இரண்டு கிட் கட்டிவிட்டேன். பார்க்க அழகாக இருக்கின்றன, ஆனால் வளைவில் ஏறினாலே தடம் புரள்கின்றன.

பதில்: முதலில் அந்த இரண்டு வேகன்களையும் சரிசெய்யுங்கள். ரெடிமேடா, கிட்டா என்ற கேள்விக்குப் பதில் அவற்றின் தளத்துக்கு அடியில்தான் இருக்கிறது. மேலே தெரியும் பெட்டியைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. நிதானமான கை கட்டிய கிட் ரெடிமேடை விட அழகாகவே அமையும். போகி (சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டம்), எடை, கப்ளர் (வண்டிகளை இணைக்கும் கொக்கி) உயரம் ஆகிய மூன்றில்தான் வேறுபாடு. ரெடிமேடில் இவற்றைத் தயாரிப்பாளர் முடித்துக் கொடுக்கிறார். கிட்டில் அந்தப் பொறுப்பு உங்களுடையது, விளக்கத்தாளோ அதை இரண்டு வரியில் முடித்துவிடும்.

இந்த அளவில் தண்டவாள இடைவெளி வெறும் 10.5 மி.மீ. அசலில் 3 அடி, அதை 87.1 ஆல் வகுத்தால் கிடைப்பது இதுதான். சக்கர விளிம்பு சிறியது, வண்டியும் இலேசு. அகலப் பாதை மாதிரியில் கண்டுகொள்ளாமல் விடும் தவறு இங்கே வண்டியைக் கவிழ்த்துவிடும். எடையைப் பாருங்கள். அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ இந்த அளவுக்குச் சொல்லும் கணக்கு: அடிப்படையாக முக்கால் அவுன்ஸ், அதோடு நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 3/8 அவுன்ஸ். அசலில் 30 அடி உள்ள பாக்ஸ்கார் (மூடிய சரக்கு வேகன்) மாதிரியில் 105 மி.மீ., அதாவது 4.1 அங்குலம் சொச்சம். கணக்குப் போட்டால் 65 கிராம் வருகிறது. எடை சேர்க்காமல் கட்டிய மர, பிளாஸ்டிக் கிட்டுகள் இதற்கு வெகு கீழே நிற்கும். உங்கள் இரண்டையும் தராசில் வைத்துப் பாருங்கள். குறைவது ஈயத் தகடாகவோ டங்ஸ்டனாகவோ தளத்தின் மேல், நடுக்கோட்டில், இரண்டு போகிகளுக்கும் சமமாகப் பிரிந்து உட்கார வேண்டும். கூரைக்கு அருகில் ஒட்டினால் ஈர்ப்பு மையம் மேலே போய், வளைவில் வண்டி சாயத் தொடங்கும்.

எடை சரியாக இருந்தும் புரண்டால் போகித் திருகுகளைப் பாருங்கள். புதிதாகக் கட்டுபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். இரண்டு திருகையும் ஒரே மாதிரி இறுக்கியிருப்பார்கள். அப்போது நாலு மூலையும் விறைத்து நிற்கும். தண்டவாளம் ஓர் இடத்தில் கால் மி.மீ. தாழ்ந்தால் போதும், ஒரு சக்கரம் காற்றில் தொங்கும், வளைவின் வெளித் தண்டவாளம் அந்தச் சக்கரத்தின் விளிம்பை மேலே ஏற்றிவிடும். மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கிறதல்லவா, வேகனும் அப்படி நிற்க வேண்டும். ஒரு போகியின் திருகை முழுதாக இறுக்கி, பிறகு கால் சுற்று தளர்த்துங்கள். அது இடவலமாகத் தடையின்றித் திரும்ப வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. மற்றப் போகியை இன்னும் தளர்த்தி, திரும்பவும் எல்லாப் பக்கமும் இலேசாக ஆடவும் விடுங்கள். வண்டியைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, ஒரு சக்கரத்தின் கீழ் தபால் அட்டைத் தடிமனில் ஓர் அட்டையைச் செருகுங்கள். மற்ற ஏழு சக்கரமும் கண்ணாடியைத் தொட்டபடி இருந்தால் வேலை முடிந்தது.

பிளாஸ்டிக்கில் நேராக மரை ஏற்றாமல், 00-90 என்ற அளவுள்ள சிறு திருகானால் முதலில் 0.95 மி.மீ. அளவில் துளையிட்டு, மரைக்கருவியால் மரை வெட்டுங்கள். துளை சற்றே சாய்ந்தாலும் போகி சாயும், அதை எவ்வளவு இறுக்கினாலும் தளர்த்தினாலும் சரியாகாது. சாய்ந்துவிட்டால் துளையைப் பிளாஸ்டிக் குச்சியால் அடைத்து, ஓர் இரவு காயவிட்டு மறுபடி துளையிடுவதுதான் வழி.

அடுத்தது சக்கரம். என்எம்ஆர்ஏ அளவுகோலில் ஹெச்ஓஎன்3 வடிவம் கிடைக்கிறது. ஒவ்வோர் அச்சையும் அதில் வைத்துச் சோதியுங்கள், ரெடிமேட் வண்டியின் அச்சையும் சேர்த்துத்தான். சக்கர இடைவெளி குறைந்தால் பாயின்டில் (பாதை பிரியும் இடத்தில்) குதிக்கும், கூடினால் வளைவில் இறுகும். அடித்தளத்தில் நீங்கள் பொறுமையாக ஒட்டிய பிரேக் கம்பிகளையும் பாருங்கள். நேர்ப்பாதையில் தொடாத கம்பி, 18 அங்குல வளைவில் போகி திரும்பும்போது சக்கரத்தை உரசும். உரசிய இடத்தில் சாயம் தேய்ந்து பளபளக்கும், தேடினால் கண்ணில் படும். கடைசியாக, மீட்டருக்கு 2 செ.மீ. சரிவுள்ள பலகையில் விடுங்கள். தானாக உருள வேண்டும். நின்றால் அச்சு முனை உட்காரும் குழியில் பிசிறோ சாயமோ இருக்கிறது. போகியின் உட்புறத்தில் சாயம் அடிக்காதீர்கள்.

கப்ளர் விஷயத்தில் முதலிலேயே ஒரு முடிவுக்கு வாருங்கள். இந்த அளவில் பலரும் பயன்படுத்துவது கேடீ நிறுவனத்தின் 714 கப்ளர். பிளாக்ஸ்டோன் நிறுவனத்தின் ரெடிமேட் வேகன்கள் அதனுடன் இணையும். சிலர் ‘N’ என்ற இன்னும் சிறிய மாதிரி அளவுக்கான மைக்ரோ-டிரெய்ன்ஸ் கப்ளரை மாட்டுகிறார்கள். அளவு சிறியது, பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் நீளமான ரயிலில் அதன் ஸ்பிரிங் வண்டிகளை முன்னும் பின்னும் துள்ள வைக்கும். இரண்டையும் ஒரே ரயிலில் கலந்தால் ஏற்றத்தில் ரயில் பிரிவதற்கு நீங்களே வழி செய்வதாகும். உயரமானியில் கப்ளர் தாழ்வாகத் தெரிந்தால் போகிக்கும் தளத்துக்கும் இடையே மெல்லிய வாஷர் போடுங்கள். உயர்ந்தால் தளத்துக்கும் கப்ளர் பெட்டிக்கும் இடையே தகடு வையுங்கள். கப்ளருக்குக் கீழே தொங்கும், காந்தத்தால் அதைக் கழற்ற உதவும் கம்பி தண்டவாள மட்டத்தைத் தொட்டால் பாயின்டில் மாட்டும், அதைக் குறடால் சற்று மேலே வளையுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். முதலில் மூன்று, நான்கு ரெடிமேட் வேகன் வாங்குங்கள். நேரம் மிச்சமாகிறது என்பதைவிட, உங்கள் தண்டவாளத்தைச் சோதிக்க அவை தேவை என்பதே காரணம். சரிபார்த்த ரெடிமேட் வேகன் புரளும் இடத்தில் குறை பாதையில் இருக்கிறது. அது ஓடி, கிட் மட்டும் புரண்டால் குறை கிட்டில். ஒப்பிட இப்படி ஒரு ரெடிமேட் வேகன் கையில் இல்லாமல் கிட் கட்டினால் எதைத் திருத்துவது என்றே தெரியாமல் நாள் போகும். ஆனால் பன்னிரண்டையும் ரெடிமேடாக வாங்கச் சொல்ல மாட்டோம். அவை தொகுதி தொகுதியாக வருபவை, தீர்ந்தால் காத்திருக்க வேண்டும். ஒரே வகை, ஒரே எண் திரும்பத் திரும்ப வரும். மெல்லிய படிகளும் கைப்பிடிகளும் எடுத்து வைக்கும்போதே ஒடியும். ஓஎன்30 என்ற பெரிய நேரோ கேஜ் அளவில் இருப்பவருக்கு நிலைமை வேறு. 1:48 விகிதம், 16.5 மி.மீ. பாதை என்று 1998 முதல் பாக்மன் நிறுவனம் அதற்கு ரெடிமேட் வண்டிகளை விட்டுவருவதால், கிட் இல்லாமலே ஒரு ரயிலை நிரப்பலாம்.

கிட்டில் பிளாஸ்டிக்கிலிருந்து தொடங்குங்கள். பழகிய கைக்கு ஒரு பாக்ஸ்கார் ஐந்தாறு மணி நேர வேலை. பக்கச் சுவரையும் முனைச் சுவரையும் ஒட்டும்போது சதுரக் கோணப் பட்டையோடு சேர்த்துப் பிடித்து, தளம் தட்டையாக இருப்பதைப் பார்த்த பிறகே கூரையை ஒட்டுங்கள். மூடிவிட்டால் உள்ளே எடை வைக்க முடியாது. ரெசின் கிட்டை ஒட்டுவதற்கு முன் சோப்பு நீரில் கழுவுங்கள். வார்ப்பு எண்ணெய் இருந்தால் பசையும் பிடிக்காது, சாயமும் உரியும். வளைந்த தளத்தை வெந்நீரில் முக்கி, கண்ணாடி மேல் அழுத்தி ஆறவிடுங்கள். மரக் கிட் கடைசியாக வரட்டும். பலகையின் ஒரு பக்கம் மட்டும் சாயம் அடித்தால் அது வில்லாக வளைந்துவிடும், ஆகவே ஒட்டுவதற்கு முன்பே இரண்டு பக்கமும் சீலர் பூசுங்கள். தளத்துக்கு அடியில் ஓடும் தாங்குகம்பிகளுக்கு 0.25 மி.மீ. நைலான் தூண்டில் நூல் பொருத்தமானது. ஆனால் அதை இழுத்துக் கட்டாதீர்கள், தளத்தையே வளைத்துவிடும்.

வகை தேர்வுக்கு அசல் வண்டிகளே வழிகாட்டி. டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் வெஸ்டர்ன் பாதையின் 3000 வரிசை பாக்ஸ்கார்கள் 1904இல் வந்தவை, மொத்தம் 750. அவற்றையே அதிகம் வைத்தால் ரயில் பார்க்க உண்மையாக இருக்கும். ஐந்து பாக்ஸ்கார், மூன்று உயர்பக்க கொண்டோலா (கூரையில்லாத வேகன்), இரண்டு கால்நடை வேகன், இரண்டு பிளாட்கார் (சுவரில்லாத தட்டை வேகன்) என்று வைத்துக்கொள்ளலாம். நீங்கள் எடுத்துக்கொண்ட காலம் 1950கள் என்றால் கொண்டோலாவிலும் பிளாட்காரிலும் நியூ மெக்சிகோவின் பார்மிங்டன் எண்ணெய் வயலுக்குப் போன குழாய்ச் சுமையை ஏற்றுங்கள். அந்தச் சுமை எடையை மறைக்கவும் உதவும்.

பிளாட்காரில்தான் எடைக்கு இடமே இல்லை. அடிச்சட்டங்களுக்கு நடுவே உள்ள குழிகளில் டங்ஸ்டன் களிம்பை அடைத்து, மேலே கறுப்பு பூசுங்கள். அப்படியும் குறைந்தால் அந்த வேகனை எஞ்சினுக்கு அடுத்து மாட்டாதீர்கள். பின்னால் இழுபடும் முழு ரயிலின் எடையும் அதை வளைவின் உட்புறமாக இழுத்துச் சாய்த்துவிடும். ரயிலின் கடைசியில், கபூஸுக்கு (கடைசியாக ஓடும் கார்டு வண்டிக்கு) முன்னால் அதை வையுங்கள்.